படத்தில் இருப்பவர் கூடத்துக்குள் வரட்டும்

குழந்தைத் திருமணம், கொத்தடிமை முறை, பெண் சிசுக்கொலை என்று ஒரு தலைப்பைக் கொடுத்து 'நம்பிக்கை தெரியும்படி வரையுங்கள்' என்றால், மாணவர்கள் கொண்டுவரும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். சங்கிலியை உடைக்கும் கை, உள்ளங்கையில் துளிர்விடும் செடி, வெள்ளைப் புறா. ஓவியம் சொல்லிக்கொடுப்பதும் சேலத்துக் கல்லூரி வளாகங்களில் மாணவர் கண்காட்சிகளை அமைத்துக் கொடுப்பதும் என் தொழில் என்பதால், இவற்றை நிறையவே பார்த்துவிட்டேன். கைத்திறனில் குறை இல்லை. ஆனால் திறப்பு விழாவுக்கு வருகிற கல்லூரி முதல்வரும் பேராசிரியர்களும் பிற துறை மாணவர்களும் பார்த்துவிட்டு, கருத்துப் புத்தகத்தில் 'அருமை' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். யாரைப் பற்றிய படமோ, அவர் அந்தக் கூடத்தின் வாசலைக்கூட மிதிப்பதில்லை.

நம்பிக்கையை எப்படி வரைவது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் காட்டும் படம் ஒன்று உண்டு. ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் வாட்ஸ் 1886இல் வரைந்தது. பெயரே 'நம்பிக்கை'தான். கண் கட்டப்பட்ட ஒரு பெண் ஒரு கோளத்தின் மேல் குனிந்து உட்கார்ந்திருப்பாள். கையில் இருக்கும் யாழில் ஒரே ஒரு நரம்பைத் தவிர மற்றதெல்லாம் அறுந்துபோயிருக்கும். முதலில் பார்ப்பவர்கள் இதைச் சோகப்படம் என்றே சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் நேரம் நின்று பார்த்தால், மிச்சமிருக்கும் அந்த ஒரு நரம்பின் ஓசைக்காக அவள் காதைச் சாய்த்திருப்பது தெரியும். என்ன மிச்சமிருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்ற கேள்வியில் தொடங்கச் சொல்வதற்காகத்தான் இந்தப் படத்தைக் காட்டுகிறேன்.

இன்னொருவர் வங்காள ஓவியர் சித்தப்ரசாத். 1943 வங்காளப் பஞ்சத்தின்போது மேதினிப்பூர் ஊர்களில் நடந்தே திரிந்து, பசியில் கிடந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். அந்தப் படங்களோடு அவர் வெளியிட்ட சிறு நூலை ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்து அழித்தது. படத்தில் இருக்கும் மனிதருடைய பெயர், ஊர் முதலான விவரங்களையும் பல இடங்களில் அவர் எழுதிவைத்தார். அதனால் அவை 'ஏழைகள்' என்ற பொதுப்படமாக ஆகிவிடவில்லை.

அப்புறம், நம் பக்கத்துக் கதை. வளர்க்க விரும்பாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசு வைத்த தொட்டிலில் விட்டுப்போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். ஏன் இங்கே தொடங்க வேண்டியிருந்தது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1990களின் கடைசியில் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பெண் சிசுக்கொலைக்கு எதிராக நாடகம் போட்டன. கலை, மக்கள் இருக்கும் இடத்துக்கே போனது. தெருக்கூத்தை விடிய விடியப் பார்க்கும் ஊர்களில் நாடகத்துக்கு யாரும் தயங்கவில்லை. ஏற்காடு கோடை விழா மலர்க் கண்காட்சிக்கும் மலைக்கிராமத்து மக்கள் முதற்கொண்டு எல்லோரும் குடும்பத்தோடு போகிறார்கள். பல்கலைக்கழகக் கூடம் என்றால் மட்டும் 'அது படிச்சவங்க இடம்' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. பிரதான வாசலில் அடையாள அட்டை கேட்கிறோம், பதிவேட்டில் கையெழுத்து கேட்கிறோம், படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் எழுதிவைக்கிறோம், நான்கு மணிக்குக் கதவைச் சாத்துகிறோம். கூலி வேலைக்குப் போகிற ஒருவர் எப்போது வருவார்?

வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளைப் பற்றி மாணவர்கள் படம் வரைந்தபோது, செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீடு வீடாகப் போய் அழைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் திறந்து வைத்தோம். காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். வந்தவர்களில் ஒரு அக்கா, வெள்ளியைப் பற்றவைக்கும் கைகளைக் கரித்துண்டில் வரைந்திருந்த படத்தின் முன் நின்றுவிட்டார். வரைந்த மாணவியைக் கூப்பிட்டு, "ஊதுற குழலை இப்படிப் பிடிச்சா கை வெந்துபோயிரும் கண்ணு" என்று தன் விரல்களை மடக்கிக் காட்டினார். மாணவி அங்கேயே தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்து வேறொரு தாளில் வரைந்தாள். பிறகு அந்த அக்கா பேச்சை நிறுத்தவில்லை. மூடிய அறையில் புகை, எரியும் கண், சீசன் இல்லாத மாதங்களில் கூலி என்று எல்லாம் வந்தது. புதிய படம் பழையதற்குப் பக்கத்திலேயே மாட்டப்பட்டது, அவர் சொன்ன திருத்தம் அவர் சம்மதத்தோடு கீழே எழுதப்பட்டது. அந்தக் கண்காட்சியிலேயே உயிருள்ள பகுதி அதுதான் என்று நினைக்கிறேன்.

பெரியவர்கள் சம்மதித்தால் பெயர் போடலாம். குழந்தைகள் விஷயம் வேறு, இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். குழந்தைத் தொழிலாளியின் அழுக்கு முகத்தை அருகில் போய் எடுத்த புகைப்படத்துக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தைக் கல்லூரிகள் நிறுத்த வேண்டும். கைகளை வரையலாம், செருப்பை வரையலாம், காலியாக இருக்கும் வகுப்பு பெஞ்சை வரையலாம்.

குழந்தைத் திருமணம் பற்றிய படத்துக்கு அடியில் கவிதை எழுதுவதற்குப் பதில் நாங்கள் சட்டத்தை எழுதுகிறோம், எட்டடி தூரத்தில் இருந்து படிக்கும்படி பெரிய தமிழ் எழுத்தில். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. அதற்கு முன்பு நடந்த திருமணத்தை, 18 நிரம்பிய பெண் அடுத்த இரண்டு வருடத்துக்குள் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து ரத்து செய்யக் கேட்கலாம். இது 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பெண்களிலேயே பலருக்கு இது தெரியாது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இரண்டும் இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம். ஒரு படத்தின் முன் யாராவது வெகுநேரம் நகராமல் நின்றால், பக்கத்தில் போய்ப் பேசத் தெரிந்த ஒரு ஆலோசகர் கூடத்தில் இருக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்தத் தலைப்பைத் தள்ளிவையுங்கள்.

விற்பனை உண்டென்றால், பணத்தில் படத்தில் இருப்பவருக்கு எவ்வளவு என்பதை வரைவதற்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

கண்காட்சிக்கான செலவுப் பட்டியல் போடும்போது பூங்கொத்து, பொன்னாடை, மேடை, பேனர் எல்லாம் முதலில் வந்துவிடும். அந்தப் பட்டியலின் முதல் வரியில், வரவேண்டியவர்களின் பேருந்துக் கட்டணத்தையும் ஒரு நாள் கூலியையும் எழுதுங்கள். முடிந்த பிறகு படங்களை ஸ்டோர் ரூமில் அடுக்க வேண்டாம். கொலுசுப் படங்களைப் பட்டறைத் தெருவில் இருக்கும் ஒரு டீக்கடைச் சுவரில் மாட்டினோம். இப்போது அங்கே வேறு ஆட்களும் திருத்தம் சொல்கிறார்கள்.