சித்தம்பூண்டிக் கல்லின் வயது 6000-ஆ, 250 கோடியா?

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடக்கும் வெளிறிய கல்லை வெங்கச்சங்கல் என்று நினைத்துவிட வேண்டாம். அது அனார்த்தோசைட், நிலவின் மேட்டுநிலங்களில் இருக்கிற அதே வகைப் பாறை. சந்திரயான்-2 ஊர்தியை ஓட்டிப் பார்க்க நிலவு மண் போன்ற மண் தேவைப்பட்டபோது இஸ்ரோ இந்தப் பக்கத்துக் கல்லைத்தான் அரைத்துப் பயன்படுத்தியது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு.

"பைபிள்படி பூமிக்கே 6000 வருசம்தானே?" என்று ஞாயிறு பள்ளி முடிந்து வரும் பிள்ளை கேட்டால் தட்டிக்கழிக்கக் கூடாது. அது வாய்க்கு வந்தபடி சொன்ன எண் அல்ல. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வேதாகமத்தின் வம்ச வரலாறுகளைக் கூட்டி, படைப்பு கி.மு. 4004-இல் நடந்தது என்று 1650-இல் எழுதினார். எல்லாக் கிறிஸ்தவர்களும் இதை ஏற்பதில்லை. பிரபஞ்சத்தின் தோற்றம் பற்றிய பெருவெடிப்புக் கருத்தை முன்வைத்த ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர்.

கல்லின் வயதைச் சொல்வது அதற்குள் அரிதாக இருக்கும் சிர்கான் என்ற படிகம். சில கிலோ கல்லை நொறுக்கி, சலித்து, தண்ணீரில் அரித்து, காந்தத்தால் இரும்புத்தாதுவை நீக்கி, கனமான திரவத்தில் போட்டால் சிர்கான் அடியில் தங்கும். மணி ஒன்று 0.1 மில்லிமீட்டர்தான் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பிசினில் பதித்து, பாதியாகத் தேய்த்து, 0.03 மில்லிமீட்டர் அகல லேசரால் சுட்டு, வரும் ஆவியில் யுரேனியத்தையும் ஈயத்தையும் எண்ணுகிறார்கள்.

சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235 பாதியாக 70 கோடி ஆண்டு. 250 கோடி ஆண்டில் முதல் வகையில் ஆயிரத்துக்கு 679 அணு மிஞ்சும், இரண்டாவதில் 85 மட்டும். 6000 ஆண்டு என்றால் முதல் வகையில் பத்து லட்சத்துக்கு ஓர் அணுதான் மாறியிருக்கும். ஒரே சிர்கான் மணிக்குள் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒரே வயதைக் காட்டினால்தான் அந்த அளவீட்டை நம்பலாம்.

காட்டாமலும் போகும். சிர்கான் சின்ன வெங்காயம் போல அடுக்கடுக்காக வளரும். பாறை பின்னால் ஒருமுறை கடுமையாகச் சூடானால் மேலே புது அடுக்கு ஏறும். லேசர் இரண்டு அடுக்கிலும் பட்டால் எதற்கும் பொருந்தாத கலப்பு வயது வரும். விரிசல் வழியே ஈயம் கசிந்தாலும் இரண்டு கடிகாரமும் முரண்படும். அந்த முரணே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. முறையின் உயிர்நாடி இதுதான்.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1986-இல் உறைந்த பாறைக்குப் பொட்டாசியம்-ஆர்கான் முறை 3.5 லட்சம் ஆண்டு காட்டியதாக, பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டுதான் வயது என்று வாதிடும் படைப்புவாதிகள் 1996-இல் வெளியிட்டார்கள். இந்த முறையில் அளக்கும் பொட்டாசியம்-40 பாதியாகவே 125 கோடி ஆண்டு. பத்து வருசப் பாறையை இதில் அளப்பது, பத்து கிராம் மஞ்சளை லாரி எடைமேடையில் நிறுப்பது போல. குழம்போடு மேலே வந்த பழைய படிகங்களில், பொட்டாசியம் சிதைந்து வந்த ஆர்கான் வாயு மிச்சமிருந்தாலும் வயது கூடித் தெரியும்.

கார்பன் டேட்டிங்கையும் இதில் இழுக்க வேண்டாம். கார்பன்-14 பாதியாக 5730 ஆண்டு, சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க முடியாது. கொடுமணல் அகழாய்வில் கிடைக்கும் கரிக்கு அது பொருந்தும், கல்லுக்குப் பொருந்தாது.

படைப்புவாதிகளின் வலுவான கேள்வி வேறு: எல்லாக் கடிகாரமும் முன்பு ஒரே மடங்கு வேகமாக ஓடியிருந்தால்? இரண்டும் ஒத்துப்போவதை மட்டும் வைத்து இதை மறுக்க முடியாது. வெப்பம் மறுக்கிறது. ஒவ்வொரு அணுச் சிதைவும் வெப்பம் தரும். கோடிக்கணக்கான ஆண்டுகளின் சிதைவைச் சில ஆயிரம் ஆண்டுக்குள் அடைத்தால் சித்தம்பூண்டிப் பாறை மட்டுமல்ல, பூமியின் மேலோடே உருகியிருக்கும். இதே கருத்தை ஆராய்ந்த படைப்புவாதிகளின் ரேட் குழு 2005-இல் வெளியிட்ட அறிக்கையில், அத்தனை வெப்பமும் எப்படி வெளியேறியது என்பதைத் தீராத சிக்கலாகவே ஒப்புக்கொண்டது.