மல்லாந்து விழுந்தால் நட்சத்திர ஆமை என்ன செய்யும்?

ஆமையை மல்லாக்கக் கவிழ்த்துவிட்டால் அவ்வளவுதான், கால்களை உதறி உதறியே செத்துப்போகும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நட்சத்திர ஆமைக்கு இது பொருந்தாது. கால்களைக் கொஞ்சம் உதைத்து, தலையை நீட்டி அசைத்தால் போதும், உடம்பு பக்கவாட்டில் உருண்டு தானாகவே நிமிர்ந்துவிடும். முக்கால்வாசி வேலையைச் செய்வது அதன் ஓட்டின் வடிவம்.

தஞ்சாவூர் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும், இல்லையா? அதற்குக் காரணம் அடியில் வைத்திருக்கும் கனம். அப்படிக் கனம் எதுவும் வைக்காமல், உள்ளே எங்கும் ஒரே அடர்த்தியாக, எங்கும் குழிவு இல்லாமல் ஒரு பொருள் செய்து, அது எப்படிப் போட்டாலும் ஒரே நிலைக்குத் திரும்பி வர முடியுமா? ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் அர்னால்ட் 1995-இல், முடியும் என்று ஊகித்தார். 2006-இல் ஹங்கேரியைச் சேர்ந்த காபர் டொமோகோஷும் பீட்டர் வார்கொனியும் அப்படி ஒரு வடிவத்தைச் செய்தே காட்டினார்கள். கோம்போட்ஸ் என்பது அதன் பெயர். செய்து முடித்துப் பார்த்தால் அது ஆமை ஓட்டின் சாயலில் இருந்தது! அப்புறம் இருவரும் விதவிதமான ஆமை ஓடுகளை அளந்தார்கள். ஓடு தட்டையாக இருக்கும் நீர் ஆமைகளுக்குக் கழுத்து நீளம், அதைத் தரையில் ஊன்றி நெம்பித் திரும்புகின்றன. குவிமாடம் போல உயர்ந்த ஓடுள்ள நில ஆமைகளுக்குக் கழுத்தும் காலும் குட்டை, அவை ஓட்டை நம்பி உருள்கின்றன. கோம்போட்ஸுக்கு மிக நெருங்கி வருவது நம் நட்சத்திர ஆமையின் ஓடுதான்.

உருளத் தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமையின் நுரையீரல் மேலோட்டை ஒட்டி இருக்கிறது, மல்லாந்தால் குடலும் மற்ற உறுப்புகளும் அதன்மேல் அழுந்தும். விலா எலும்புகள் ஓட்டோடு ஒன்றாகிவிட்டதால் நம்மைப் போல நெஞ்சை விரித்து மூச்சு வாங்க வழியில்லை, வயிற்றுத் தசைகளும் கால்களை ஒட்டிய தசைகளும்தான் காற்றை இழுத்துத் தள்ளுகின்றன. இதற்கு மேல் உச்சி வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெயில் என்றால் லேசான வெயில் இல்லை. இது வாழும் இடம் முட்புதர்க் காடும் வறண்ட புல்வெளியும். கோடையில் காலையிலும் மாலையிலும் மட்டும் வெளியே வந்து மேயும், மற்ற நேரமெல்லாம் புதருக்கடியில். அப்போதுதான் ஓட்டின் மேலுள்ள அந்த நட்சத்திரக் கோலம் கைகொடுக்கிறது: முள் இலைகளுக்கிடையே வெயில் கீற்றுக் கீற்றாக விழும் இடத்தில், கறுப்பின் மேல் மஞ்சள் கோடுகள் ஓட்டின் விளிம்பையே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடும். புல், உதிர்ந்த பழம், சதைப்பற்றுள்ள செடிகள் என்று கிடைப்பதைத் தின்று, அதிலிருந்தே பெரும்பாலான தண்ணீரை எடுத்துக்கொள்கிறது.

மழை பெய்தால் ஆளே மாறிவிடும், பகல் முழுக்க நடமாட்டம்தான். இணை சேர்வதும் மழைக்காலத்தில்தான். பெண் ஆமை ஆணைவிட நன்றாகவே பெரிது, ஓரடி நீளம் வரை வளர்வதுண்டு. முட்டையிடும் நேரத்தில் அது இறுகிய மண்ணைத் தன் சிறுநீரால் நனைத்து இளக்கி, பின்னங்கால்களால் குழி தோண்டி, சில முட்டைகளை இட்டு, மண்ணை மூடி உடம்பாலேயே தட்டி அமுக்கிவிட்டுப் போய்விடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அந்த மண்ணின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

இத்தனை நேர்த்தியாக வாழும் உயிரை, வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று சாக்குப்பையில் கட்டிக் கடத்துகிறார்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. 2019-இல் இதன் பன்னாட்டு வணிகம் முழுதாகத் தடை செய்யப்பட்டது, நம் நாட்டிலும் வீட்டில் வளர்ப்பது குற்றம். சரி, பிடிபட்ட ஆமைகளைத் திரும்பக் காட்டில் விட்டால் போதாதா என்றால், அது அவ்வளவு எளிதில்லை. குஜராத், ராஜஸ்தானும் அதை ஒட்டிய பாகிஸ்தானும் ஒரு பக்கம், தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகம் இன்னொரு பக்கம், இலங்கை தனியாக என்று மூன்று இடங்களில் இவை பிரிந்து வாழ்கின்றன, ஒவ்வொன்றையும் அதன் சொந்த மண்ணில்தான் விட வேண்டும். விமான நிலையத்தில் ஒரு பெட்டிக்குள் பிடிபட்ட குட்டி எந்த மண்ணைச் சேர்ந்தது என்பது அதன் ஓட்டைப் பார்த்தால் தெரியாது, மரபணுவைத்தான் பார்க்க வேண்டும்.