வாந்தி வராத வயிறு

இரவு ஒன்றரை மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து போன். "சார், இருபத்தியோரு வயசுப் பொண்ணு. வயிறு உப்பிப்போய் வந்திருக்கு. கர்ப்பமான்னு யூரின் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டோம், இல்லை." போய்ப் பார்த்தால் அந்த சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை. எட்டு மாத வயிறு போலத்தான் இருந்தது. மற்றபடி ஒல்லியான பெண், மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. (யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அம்மா சொன்னார்: "ஹாஸ்டல்லேர்ந்து லீவுக்கு வந்திருக்கா சார். சாயங்காலம் ஏதோ சாப்பிட்டிருக்கா, சேரலை. வாயுதான்னு நெனச்சு கோலி சோடா குடுத்தேன், கேக்கலை. அப்புறம் ஆப்ப சோடாவை எலுமிச்சம்பழச் சாத்துல கலந்து குடுத்தேன். அதுக்கப்புறம்தான் இப்படி ஆயிருச்சு."

மூக்கு வழியாக இரைப்பை வரை ரைல்ஸ் குழாய் போட்டோம். கொஞ்சம் காற்று வந்தது, அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் வந்தது, நின்றுவிட்டது. குழாயை உருவிப் பார்த்தால் அதன் ஓட்டைகளில் சோற்றுப் பருக்கைகள் அடைத்திருந்தன. எக்ஸ்ரேயில் இரைப்பையின் நிழல் விலா எலும்பின் அடியில் தொடங்கி இடுப்பெலும்பு வரை இறங்கியிருந்தது. "என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டேன். அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு "கொஞ்சம் பிரியாணி" என்றாள்.

நான் ஸ்கேனுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இரவுப் பணி செவிலியர் அம்மாவைப் பணம் கட்ட அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் கட்டிலோரம் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் என்னிடம் வந்தார். "ரெண்டு வருஷமா சாப்பிட்டுட்டு விரலை விட்டு வாந்தி எடுக்குறா சார். இன்னைக்கு எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்தாங்களாம். வீட்ல இருந்த பிரியாணி, ஒரு பாக்கெட் பிரெட், ஐஸ்கிரீம் டப்பா, ராத்திரிக்கு வடிச்சு வச்ச சோறு, அதுக்கு மேல தண்ணி. 'எப்பவும் வந்துடும்க்கா, இன்னைக்கு மட்டும் வாந்தி வரலை'ங்குறா."

நான் கேட்டால் வராத பதில் அவருக்கு வந்தது. என் ஸ்கேனைவிட அந்தக் கடைசி வரி பெரிய தகவல்.

காலியாக இருக்கும்போது இரைப்பை ஒரு சுருங்கிய பை, அவ்வளவுதான். உணவு வர வர தசை தளர்ந்து இடம் கொடுக்கும். ஒன்று, ஒன்றரை லிட்டர் வரை சிரமமில்லாமல் வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் நெஞ்சு அடைக்கும், ஏப்பம் வரும், பெரும்பாலானவர்களுக்கு வாந்தி வந்து எல்லாம் சரியாகிவிடும். கல்யாணப் பந்தியில் மூக்குப் பிடிக்கச் சாப்பிடுகிற யாரும் இதற்காகப் பயப்பட வேண்டாம். பிரச்சினை, மூன்று நான்கு லிட்டரைத் தொடும்போது. வீங்கிய இரைப்பையின் மேல்பகுதி, உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தை ஒரு பக்கமாகத் தள்ளி மடக்கிவிடுகிறது. தண்ணீர் ஓடும் ரப்பர் ட்யூபை மடித்துப் பிடித்தால் என்ன ஆகுமோ அதேதான். குமட்டும், ஓங்கரிக்கும், ஆனால் எதுவும் மேலே வராது. கீழேயும் இறங்காது, ஏனென்றால் இழுபட்ட தசை சுருங்கும் பலத்தை இழந்திருக்கும்.

இந்த நிலையில்தான் ஆப்ப சோடா உள்ளே போகிறது. ஒரு தேக்கரண்டி சோடா முழுவதும் அமிலத்தோடு வினைபுரிந்தால் ஒரு லிட்டருக்கு மேல் கரியமில வாயு வரும். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்காது என்றாலும், வெளியேற வழியில்லாத பைக்குள் அரை லிட்டர் காற்றே அதிகம். அந்த அம்மாவிடம் இதை நான் அன்று சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. நம் எல்லோர் வீட்டிலும் செய்கிற வைத்தியத்தைத்தான் அவர் செய்தார்.

இரைப்பை லேசில் சாகிற உறுப்பு இல்லை. உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவையில் இரைப்பையைக் குழாய்போல வெட்டி, மற்ற ரத்தக்குழாய்களை எல்லாம் கட்டிவிட்டு, ஒரே ஒரு தமனியை நம்பி மார்புக்குள்ளோ கழுத்து வரையோ இழுத்துத் தைக்கிறோம், பிழைத்துக்கொள்கிறது. அப்படிப்பட்டது இங்கே ஏன் அழுகுகிறது? உள்ளே அழுத்தம் ஏறும்போது முதலில் நசுங்குவது தமனி இல்லை, சிரை. ரத்தம் உள்ளே வருகிறது, திரும்பிப் போக முடியவில்லை. சுவர் வீங்குகிறது, உள்சவ்வு கறுக்கிறது, அப்புறம் முழுச் சுவரும். கடைசியில் கிழியும். கிழிந்தால் சோறும் அமிலமும் வயிற்றறை முழுக்கப் பரவும். அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தாலும் பிழைப்பவர்கள் குறைவு.

எனக்கு அது தெரியும். பட்ட மேற்படிப்பு மாணவனாக இருந்தபோது பந்தயம் கட்டிச் சாப்பிட்ட ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். "வலி திடீர்னு கொறஞ்சிருச்சு சார்" என்று சொன்னார், நாங்களும் நிம்மதியானோம். வலி குறைந்தது இரைப்பை கிழிந்ததால். இரண்டு மணி நேரத்தில் நாடி விழுந்தது. காலையில் இறந்துபோனார்.

இந்தப் பெண்ணை அதிகாலை மூன்றரைக்கு அறுவை அரங்குக்குக் கொண்டுபோனோம். பெரிய குழாய் போட்டும் கட்டிச்சோறு வரவில்லை. வயிற்றைத் திறந்தோம். இரைப்பையில் ஒரு சின்னக் கீறல் போட்டுக் கரண்டியால் அள்ளி எடுத்தோம். பிரெட் துண்டுகள் நீரில் ஊறிய பஞ்சு மாதிரி முழுசாக வந்தன. நாலரை லிட்டர் இருந்தது. இரைப்பையின் மேல்பகுதி கத்திரிக்காய்த் தோலின் நிறத்தில் இருந்தது. வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியைப் போட்டுப் பதினைந்து நிமிஷம் காத்திருந்தோம். அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை. துணியை எடுத்தபோது பெரும்பகுதி இளஞ்சிவப்புக்குத் திரும்பியிருந்தது. உள்ளங்கை அளவு திரும்பவில்லை. அதை வெட்டித் தைத்தோம்.

மயக்க மருத்துவர் அவள் விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டும்போது "இதப் பாத்தீங்களா?" என்று வலது கையைக் காட்டினார். விரல் முட்டிகளில் காய்ப்பு. நான் முன்பே பார்த்திருந்தேன், ஏதோ வேலை செய்த தழும்பு என்று விட்டுவிட்டேன். வாந்தி எடுக்க விரலை விடும்போது பல் உராய்ந்து வருவது அது. 1979-ல் புலிமியா நோயை (அளவுக்கு மீறி உண்டு, பிறகு வாந்தி எடுத்து வெளியேற்றுவது) விவரித்து எழுதிய ஜெரால்ட் ரஸ்ஸலின் பெயரைத்தான் அந்த அடையாளத்துக்கு வைத்திருக்கிறார்கள். கன்னத்தின் கீழ்ப்பக்கம் உமிழ்நீர்ச் சுரப்பி உப்பியிருக்கும், முன்பற்களின் உள்பக்கம் அமிலத்தால் தேய்ந்திருக்கும். பல் மருத்துவர்கள் எங்களுக்கு முன்னால் கண்டுபிடிப்பதுண்டு. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தாறுமாறாவது தனிக் கதை.

நிறையப் பேர் என்னிடம் கேட்பது: "ஒல்லியா இருக்குற பொண்ணுக்கு எப்படி சார்?" ஒல்லியாக இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். பட்டினி கிடக்கும் உடம்பில் இரைப்பைத் தசையும் இளைக்கும், உணவு இறங்குவதும் மெதுவாகும். காலையில் காபி, மதியம் ஒரு ஆப்பிள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர், இரவில் தனியாகக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் உடைந்துபோவார். இது மனபலம் இல்லாததால் வருவதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-ல் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். பட்டினி முடிந்து உணவு கொடுத்ததும் பலருக்கு எவ்வளவு தின்றாலும் போதவில்லை. ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இரைப்பையைக் காலி செய்ய வேண்டி வந்தது. தாங்களாக முன்வந்து சேர்ந்த, மன உறுதி உள்ளவர்கள் அவர்கள்.

பருமனானவர்களுக்கும், வாந்தி எடுக்கும் பழக்கமே இல்லாதவர்களுக்கும் கட்டுப்பாடிழந்து உண்ணும் நோய் உண்டு. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதைத் தனி நோயாகவே தன் வகைப்பாட்டில் சேர்த்தது. சராசரியாக வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம், நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், வயிறு வலிக்கும் வரை சாப்பிட்டு, பிறகு தன்னையே வெறுப்பது என்று போகும். நம் ஊரில் இதற்கு இருக்கும் சொற்கள் எல்லாம் கேலிச் சொற்கள். "சாப்பாட்டு ராமன்" என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். "தீனிப்பண்டாரம்" என்று வீட்டில் திட்டு வாங்கியவர் மருத்துவரிடம் வந்து உண்மையைச் சொல்வாரா?

அளவுக்கு மீறி உண்டபின் கையை விட்டு வாந்தி எடுப்பதே தீர்வு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 1723-ல் நெதர்லாந்தின் கடற்படைத் தளபதி ஒருவர் வயிறு முட்ட விருந்துண்டு, வாந்தி எடுக்க மருந்து குடித்தார். மறுநாள் இறந்தார். லைடன் நகர மருத்துவப் பேராசிரியர் ஹெர்மன் போயர்ஹாவே உடலைத் திறந்தபோது மார்பறைக்குள் வாத்துக்கறி வாசம் வந்தது. வாந்தியின் வேகத்தில் உணவுக்குழாய் கிழிந்திருந்தது. இன்றும் அந்தக் கிழிசலுக்கு அவர் பெயர்தான்.

பரோட்டாப் போட்டி, பிரியாணிப் போட்டி போஸ்டர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். 2007-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு தொழில்முறைப் போட்டியாளரை எக்ஸ்ரே திரைக்கு முன் நிறுத்திச் சாப்பிட வைத்தார்கள். பத்து நிமிஷத்தில் 36 ஹாட் டாக். அவர் இரைப்பை வயிறு முழுக்க நிரம்பிய தளர்ந்த பையாகிவிட்டது, உணவைத் தள்ளும் அசைவே அதிகமில்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சாப்பிட வைத்த சாதாரண ஆள் ஏழோடு நிறுத்திக்கொண்டார். வருஷக்கணக்கில் பழகியவரின் உடம்பு அது. பரிசுத்தொகைக்காக அன்றைக்குப் போய் உட்காருகிறவருடையது அப்படி இல்லை.

நிறையச் சாப்பிட்டபின் வயிறு உப்பிக்கொண்டே போகிறது, வலி கூடுகிறது, ஓங்கரித்தும் வாந்தி வரவில்லை என்றால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். சோடா, ஓமத் தண்ணீர், எதுவும் வேண்டாம், வயிற்றை அமுக்கவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். வலி திடீரென்று குறைந்து ஆள் சோர்ந்தாலோ தோள்பட்டையில் வலி வந்தாலோ இன்னும் அவசரம். எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். குடும்பத்தார் முன் சொல்ல முடியாவிட்டால் அவர்களை வெளியே அனுப்பச் சொல்லுங்கள். இந்தப் பழக்கம் இருந்தும் இதுவரை யாரிடமும் வாய் திறக்காதவர்கள், அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஆறு வாரம் கழித்து அந்தப் பெண் மறுபரிசோதனைக்கு வந்தாள். மனநல மருத்துவரை இரண்டு முறை பார்த்திருந்தாள். தழும்பு நன்றாக ஆறியிருந்தது. அம்மா கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தார். தேதிவாரியாக, எத்தனை இட்லி, எத்தனை கரண்டி சோறு, எந்த நேரத்தில் என்று நுணுக்கி எழுதியிருந்தார். பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இனிமே எண்ண வேண்டாம்மா, கூட உக்காந்து சாப்பிடுங்க, போதும்" என்றேன். "சரிங்க சார்" என்று நோட்டை மூடினார். மூடினாரே தவிர, அதைப் பத்திரமாகக் கைப்பைக்குள்தான் வைத்துக்கொண்டார்.