விவாகரத்துக்கு முன் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்

விவாகரத்து என்ற பேச்சு எழுந்ததும், பல குடும்பங்களில் வக்கீலைப் பார்க்கும் முன்பே முத்திரைத்தாள் வாங்கிவிடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னாலோ காவல் நிலையத்திலோ உட்காரவைத்து, "இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்த உரிமையும் இல்லை" என்று எழுதி வாங்குகிறார்கள். நோட்டரி முத்திரையும் விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அந்தப் பெண் நம்பிவிடுகிறாள்.

அது விவாகரத்து ஆகாது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி கோர்ட் தீர்ப்புதான் திருமணத்தை முறிக்கும். சாதி வழக்கப்படி அத்துவிட்டோம் என்று சொல்பவர்கள், அப்படி ஒரு வழக்கம் இருப்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அது லேசான காரியமில்லை. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் ஏழு ஆண்டு வரை சிறை.

இன்னொரு கேடும் அதில் இருக்கிறது. ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. பழைய சட்டத்தின் 125ஆம் பிரிவுதான் அது. பரஸ்பர சம்மதத்தோடு தனித்தனியாக வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. "மனமொத்துப் பிரிகிறோம்" என்ற ஒரு வரியை எதிர்த்தரப்பு வக்கீல் இதற்குத்தான் எடுத்து நீட்டுவார். அடித்து விரட்டப்பட்டவள், தானாக விரும்பிப் பிரிந்தவளாக அங்கே ஆகிவிடுவாள். காவல் நிலையத்தில் உங்களுக்குத் தேவை உங்கள் புகாரும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் மட்டும். "சமாதானமாப் போங்கம்மா, இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்றால், வக்கீலைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லையே என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தாலுகா கோர்ட்டில் வட்டக் குழு இருக்கும். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் பெற வருமான வரம்பே கிடையாது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அது. வருமானச் சான்று வாங்கி வாருங்கள் என்று தாலுகா ஆபீசுக்கு விரட்டினால் இந்தப் பிரிவைச் சொல்லி, மனுவை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்கள் தரும் வக்கீல் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள்.

சம்மன் வந்தால் வாங்குங்கள். பயந்துபோய்த் திருப்பி அனுப்பினால், வாங்க மறுத்தார் என்று பதிவாகி, வழக்கு ஒருதலைப்பட்சமாக முடிந்துவிடும். அதை ரத்து செய்யக் கோர 30 நாள்தான் அவகாசம். பல கணவர்கள் முதலில் போடுவது "சேர்ந்து வாழ" மனு. கூப்பிட்டேன், வரவில்லை என்று காட்டி ஜீவனாம்சத்தைத் தட்டிக்கழிக்க அது உதவும். சேர்ந்து வாழச் சொல்லி உத்தரவு இருந்தாலும், மனைவி போகாததற்குத் தக்க காரணம் இருந்தால் ஜீவனாம்சம் உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் காரணத்தைச் சொல்ல நீங்கள் வாய்தாவுக்குப் போயிருக்க வேண்டும். மனைவி, தான் வசிக்கும் ஊரிலேயே விவாகரத்து மனு போடலாம். கணவர் தொலைவான மாவட்டத்தில் போட்டிருந்தால், வழக்கை மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றம் போகலாம்.

பணத்துக்கான மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். மனு போட்ட தேதியிலிருந்து ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும், இருவரும் சொத்து, வருமானம், கடன் பற்றி உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவர் அந்தப் பத்திரத்தைத் தாக்கல் செய்யாமல் வாய்தா வாங்கிக்கொண்டே இருப்பார். விடாமல் கேளுங்கள். இடைக்கால ஜீவனாம்சத்தை 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று திருமணச் சட்டமே சொல்கிறது. நடப்பில் அது மாதக்கணக்கில் இழுக்கிறது. யாரும் கேட்காவிட்டால் இன்னும் இழுக்கும்.

உத்தரவு கிடைத்த பிறகும் ஒரு பொறி உண்டு. 144இல் உத்தரவான தொகை வரவில்லை என்றால், அது வர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். தாண்டிவிட்டால் அந்த மாதத்துப் பாக்கிக்கு வாரண்ட் கிடையாது. "தந்துடுறேன், கொஞ்சம் பொறு" என்பதை நம்பிக் காத்திருந்து பாக்கியை இழந்த பெண்கள் நிறைய. தொகையை வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள்.

குழந்தை விஷயத்தில் காலதாமதம்தான் பெரிய எதிரி. ஐந்து வயது வரை குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். "சாதாரணமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள், அது தானாக வரும் உத்தரவாதமில்லை. அதற்குமேல் குழந்தையின் நலன்தான் அளவுகோல். சம்பளம் குறைவு என்பதால் மட்டும் தாய் தோற்க வேண்டியதில்லை. ஆனால் "கொஞ்ச நாள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்" என்று விட்டுவந்து, அங்கேயே பள்ளியிலும் சேர்த்து ஒரு வருடம் ஓடிவிட்டால், பழகிய இடத்தை ஏன் மாற்ற வேண்டும் என்று கோர்ட் கேட்கும். பாதுகாவலர் மனுவையும், குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர்க் கோர்ட்டில்தான் போட முடியும். எனவே உடனே இடைக்காலப் பொறுப்பு கேளுங்கள். குடும்ப வன்முறைச் சட்ட மனுவிலும் அதைக் கேட்கலாம். தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். நீதிபதியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்; கண்டுபிடித்துவிடுவார்கள், பாவம் அந்தப் பிள்ளைதான் நொந்துபோகும்.

அப்பாக்களுக்கும் ஒன்று. குழந்தையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்தாதீர்கள்; பணம் வரவில்லை என்று அம்மாவும் குழந்தையை மறைக்கக் கூடாது. "பார்க்க அனுமதி" என்று மட்டும் எழுதிய உத்தரவு உதவாது. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், பள்ளி விடுமுறையில் எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள்.

பரஸ்பர சம்மத மனுவுக்கு ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். மனு போட்டபின் ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் கோர்ட் இந்தக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்தது. கடைசி வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பணமும் நகையும் கைக்கு வராமல் ஜீவனாம்ச வழக்கை வாபஸ் வாங்காதீர்கள். நகைகளை எடையோடு மனுவிலேயே எழுதுங்கள். "குழந்தை உனக்கு, பணம் கேட்காதே" என்று பேரம் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் பராமரிப்புச் செலவு பிள்ளையின் உரிமை, அதைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது.

தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, தொகை, குழந்தையைப் பார்க்கும் நாட்கள் எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்து, பிழை இருந்தால் அந்த வாரமே திருத்த மனு கொடுங்கள்.