‘ஆக’வை ஏன் கொல்லுகிறீர்கள்?

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து ஒரு தம்பி, கையில் ஆறு பக்கச் சிறுகதை. “சேர், ஒருக்காப் பாத்துத் திருத்தித் தாங்க” என்றார். இரண்டாம் வரியிலேயே எனக்குத் தலையிடி தொடங்கிவிட்டது. “மருமகள் வந்தவள் வாசலில் நின்றாள்” என்று கிடக்கிறது. விசாரித்தால், முதலில் “மருமகளாக வந்தவள்” என்றுதான் எழுதினாராம், வினையடையை வெட்டு என்று கதை எழுதப் பழக்கும் கைநூல் ஒன்று சொன்னதால் ‘ஆக’ வந்த இடமெல்லாம் பேனாவால் கீறிவிட்டாராம்.

அந்த விதி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு. அங்கே ‘லி’ (-ly) என்று முடிகிற சொற்கள் கண்டபடி குவியும், குறைக்கச் சொல்வது நியாயம். நம்முடைய ‘ஆக’ அந்த ‘லி’ இல்லையப்பா. ‘வேகமாக ஓடினான்’ என்றால் வினையடை, சரி. ‘மருமகளாக’ என்றால் என்ன முறையில் வந்தாள் என்பது. ‘எனக்காக’ என்றால் யார் பொருட்டு என்பது. ‘மழை வருவதாகச் சொன்னார்’ என்றால் அது இன்னொருவர் வாய்ச்சொல். நாலையும் ஒரே கத்தியால் அறுத்தால் மிஞ்சுவது தந்தி வாசகம்தான். ‘சொல்லாதே, காட்டு’ என்று இன்னொரு விதி. அதனால் ‘பயந்தான்’ என்று எழுதாமல் கதையில் எல்லாருக்கும் கை நடுங்குகிறது, அதுவும் ‘அவனது கைகள்’, ‘அவனது இதயம்’. ‘நின்றான்’ என்ற வினைக்குள்ளேயே அவன் இருக்கிறானே, பிறகு வேறு யாருடைய கை நடுங்கும்?

கால்வாசியில் திருப்பம் வரவேணும் என்று ஓரத்தில் பென்சிலால் அளந்தும் வைத்திருக்கிறார். அது 1979இல் சிட் ஃபீல்ட் என்ற அமெரிக்கர் சினிமாத் திரைக்கதைக்குச் சொன்ன கணக்கு: பக்கத்துக்கு ஒரு நிமிடமாக 120 பக்கம், முதல் 30, நடு 60, கடைசி 30. ஆறு பக்கக் கதைக்கு எதற்கு?

கைநூலே வேண்டாம் என்று சொல்லவில்லை, என் மேசையிலும் இரண்டு கிடக்கின்றன. முதல் கதையை எழுதி முடிக்காமல் அதைத் திறக்காதீர்கள், அவ்வளவுதான். திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒரு விதி. மாற்றிய வரியை வாய்விட்டு வாசியுங்கள், நாக்குத் தடக்கினால் பழையபடி போடுங்கள். மூன்று புத்தகத்தை ஒன்றாக வாங்காதீர்கள், காசுக்கும் கேடு.

அப்புறம் தேத்தண்ணி குடிக்கும்போது தம்பி சும்மா ஒன்று சொன்னார். 2014இல் மண்முனைப் பாலம் திறக்குமுன் அவருடைய பெத்தா (பாட்டி) விடியவே தயிர்ச் சட்டிகளோடு பாதையேறி (இங்கே பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை) கிழக்கே எழுவான்கரைக்கு வருவாவாம், பாதை ஆடினால் சட்டியைத்தான் எட்டிப் பிடிப்பாவாம், பக்கத்தில் நிற்கும் பேரனை இல்லை. இதை ஏன் எழுதவில்லை என்றேன்.

“அதுல திருப்பம் ஒண்டும் இல்லையே சேர்.”

மருமகள் கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெத்தாவை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், ‘ஆக’ எல்லாம் அது அது கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று.