ஃபுளோரிடாவின் ‘குளோசிங் தி கேப்’ மானியம்: யார் கேட்கலாம், பங்குத்தொகை எவ்வளவு?

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த 1,000 கறுப்பினக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 11 பேர் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தார்கள். வெள்ளையினக் குழந்தைகளில் அது ஐந்துக்கும் குறைவு. இந்த இடைவெளி புதிதன்று. நாட்டின் சுகாதாரத் துறைச் செயலராக இருந்த மார்கரெட் ஹெக்லர் 1985இல் வெளியிட்ட அறிக்கையே இதைச் சொல்லிவிட்டது. வெள்ளையருக்கு நிகரான இறப்பு விகிதம் இருந்திருந்தால், சிறுபான்மை இனத்தவரிடையே ஆண்டுக்குச் சுமார் 60,000 மரணங்கள் நேர்ந்திருக்காது என்றது அது.

ஃபுளோரிடா மாநிலம் 2000இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன்கீழ் வருவதுதான் ‘குளோசிங் தி கேப்’ (இடைவெளியை அடைத்தல்) மானியம். கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர் போன்ற மக்களின் உடல்நலக் குறைவுகளை அவர்கள் வாழும் இடத்திலேயே எதிர்கொள்ள, உள்ளூர் அமைப்புகளுக்கு மாநில சுகாதாரத் துறை தரும் நிதி இது. மகப்பேறு மரணம், சிசு மரணம், புற்றுநோய், எச்.ஐ.வி., இதய நோய், நீரிழிவு, தடுப்பூசி, பல் நலம் முதலியவை இதில் அடங்கும்.

மாவட்டத்தில் உள்ள எந்த நபரும் நிறுவனமும் அமைப்பும் விண்ணப்பிக்கலாம். மருத்துவமனையாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. ஒரு தேவாலயமோ பெண்கள் சங்கமோகூட முன்னின்று நடத்தலாம். 1,00,000க்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட அண்டை மாவட்டங்கள் சேர்ந்து ஒரே விண்ணப்பம் தரவும் வழியுண்டு. அப்போது கணக்குக்கும் நிர்வாகத்துக்கும் பொறுப்பேற்கும் ஓர் அமைப்பைத் தெளிவாகக் குறிப்பிடவேண்டும்.

பலர் தயங்கி நிற்பது பங்குத்தொகையில்தான். மாநிலம் தரும் ஒவ்வொரு 3 டாலருக்கும் உள்ளூரிலிருந்து 1 டாலர் சேர்க்கவேண்டும். 60,000 டாலர் கேட்டால் 20,000 டாலரை நீங்கள் காட்டவேண்டும். மக்கள்தொகை 50,000ஐத் தாண்டிய மாவட்டமானால் அதில் பாதி ரொக்கமாகவே வரவேண்டும். மீதியை இலவசச் சேவையாகவோ ஆள் உழைப்பாகவோ ஈடுகட்டலாம். மயாமியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் இயங்கும் சிறு சங்கம் 10,000 டாலர் ரொக்கத்துக்கு எங்கே போகும்? பெரிய மாவட்டத்தில் இருப்பதாலேயே அந்தச் சங்கம் வசதியானதாகிவிடாது. எனக்கு இந்த விதியில் உடன்பாடில்லை.

50,000க்கு உட்பட்ட மாவட்டங்களுக்கு நிலைமை வேறு. அங்கே பங்கு முழுவதையும் பணமில்லாமலே தரலாம். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் கேட்ஸ்டன் மாவட்டம் இந்தச் சலுகைக்குள் வருகிறது. தன்னார்வச் செவிலியர் செலவிடும் நேரம், வாடகையின்றிக் கிடைக்கும் கூடம் போன்றவற்றுக்கு மதிப்புப் போட்டுக் கணக்கில் காட்டலாம். ஆகவே விண்ணப்பம் எழுதும் முன்பே, யார் எத்தனை மணி நேரம் தருவார் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் எந்த நோய், எந்த மக்கள், இன்றைய நிலை என்ன, அதை எந்தப் புள்ளிவிவரத்தால் அளந்தீர்கள் என்பதைச் சொல்லவேண்டும். ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்’ என்று பொதுவாக எழுதினால் போதாது. ஏற்றத்தாழ்வு அதிகமாகப் பதிவான பகுதிகளுக்கும், வறுமை மிகுந்த மாவட்டங்களுக்கும், ஊராரின் பரந்த ஆதரவைக் காட்டும் திட்டங்களுக்கும் முன்னுரிமை உண்டு. விதித்ததற்கு மேல் பங்கு தருவோருக்கும் முன்னுரிமை என்கிறது சட்டம். இல்லாதவர்களை இதுவும் பின்னுக்குத் தள்ளுகிறது.

ஊருக்குள் நடக்கும் சிகிச்சை பலன் தருமா என்று கேட்பவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வைப் பார்க்கலாம். அது இந்த மானியத்தில் நடந்ததன்று. ஆனால் இதே எண்ணத்தில் நடந்தது. கறுப்பின ஆண்கள் வழக்கமாகச் செல்லும் 52 முடிதிருத்தும் கடைகளில், உயர் ரத்த அழுத்தம் உள்ள 319 பேரைச் சேர்த்தார்கள். சில கடைகளுக்கு மருந்தாளுநர்களே வந்து மருந்து கொடுத்தார்கள். மற்றவற்றில் முடிதிருத்துபவர் அறிவுரை மட்டும் சொன்னார். ஆறு மாதத்தில் முதல் பிரிவினரின் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது; மற்றவர்களுக்கு 9 புள்ளிதான். முடிவுகள் 2018இல் வெளியாயின. உங்கள் திட்டத்திலும் வெறும் அறிவுரையோடு நிற்காமல், பரிசோதனைக்குப் பிறகு சிகிச்சை யார் தருவார் என்பதையும் எழுதுங்கள்.

மானியம் ஓராண்டுக்கானது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படலாம். புதுப்பிக்கும்போது முதல் ஆண்டில் என்ன மாறியது என்று காட்டவேண்டியிருக்கும். அதனால் முதல் முகாமின் முதல் அளவிலிருந்தே பதிவேட்டை ஒழுங்காக வையுங்கள்.