மாண்டேஜ்: தமிழில் ‘காட்சித்தொகை’

கோடம்பாக்கத்தில் அன்றாடம் புழங்கும் பிரெஞ்சுச் சொல் ஒன்று உண்டு: மாண்டேஜ். “வெளிச்சம் போறதுக்குள்ள ரெண்டு மாண்டேஜ் எடுத்துடலாம் சார்” என்பார் உதவி இயக்குநர். “இந்தப் பாட்டுக்கு லிப் (நடிகரின் வாயசைப்பு) கிடையாது, மாண்டேஜ்தான்” என்று இசையமைப்பாளரிடம் சொல்வார் இயக்குநர். திரைப்படக் கல்லூரியில் அதே சொல் ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைன் பெயரோடு கரும்பலகையில் ஏறும். மூவரும் சொல்வது ஒன்றல்ல. சினிமாவைப் பற்றிப் பேசும் ரசிகர்களான நாமும் மூன்றையும் கலந்தடித்துத்தான் பேசுகிறோம். வேகமாக வெட்டப்பட்ட எதைப் பார்த்தாலும் “செம மாண்டேஜ்” என்று சொல்லிவிடுகிறோம்.

பிரெஞ்சில் ‘மோந்தே’ என்ற வினைக்கு முதற்பொருள் ஏறு, ஏற்று. மலையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஏற்றுவது என்பது பிறகு பொருத்துவதாக, உதிரி உறுப்புகளைப் பூட்டி முழு இயந்திரம் ஆக்குவதாக விரிந்தது. கார் தொழிற்சாலையில் உறுப்புகளைப் பூட்டும் வரிசைக்கும் பிரெஞ்சில் இதே சொல்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு பெர்லினில் புகைப்படங்களை வெட்டி ஒட்டிப் படைத்த ஹன்னா ஹோஹ், ஜான் ஹார்ட்ஃபீல்ட் போன்றவர்கள் தங்கள் வேலையை ‘ஃபோட்டோமாண்டேஜ்’ என்று அழைத்ததற்கும் இதுவே காரணம். ஓவியர் என்ற பட்டம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. பட்டறையில் பூட்டிப் பொருத்துகிறவராகவே அறியப்பட விரும்பினார்கள்.

சினிமாவுக்கு வந்தபோது பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தச் சொல்லில் எந்தச் சிக்கலும் இல்லை. நாம் எடிட்டிங் என்பதைத்தான் அவர்கள் மாண்டேஜ் என்கிறார்கள். எடிட்டர் அவர்களுக்கு ‘மோந்தர்’. ஒரு பிரெஞ்சுப் படத்தின் டைட்டிலில் இந்தச் சொல் வந்தால் எடிட்டரின் பெயர் வருகிறது என்று பொருள், அவ்வளவுதான்.

சொல்லுக்குக் கனம் கூடியது ரஷ்யாவில். 1917 புரட்சிக்குப் பிறகு அங்கே கச்சா ஃபிலிமுக்குக் கடும் பஞ்சம். 1919இல் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி தொடங்கியாகிவிட்டது, படம் எடுக்க ஃபிலிம் இல்லை. அங்கே பாடம் நடத்திய இயக்குநர் லெவ் குலெஷோவின் மாணவர்கள் இருந்த படங்களை வெட்டி, பிரித்து, மறுபடி ஒட்டிப் பார்த்துப் பாடம் படித்தார்கள். அந்தக் காலத்துச் சோதனை ஒன்று இன்றும் உலகத்துத் திரைப்படப் பள்ளிகளில் எல்லாம் சொல்லப்படுகிறது. மொஸ்ஜூகின் என்ற நட்சத்திரத்தின், உணர்ச்சி எதுவும் காட்டாத முகம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அதை ஒருமுறை சூப் கிண்ணத்தோடு ஒட்டினார்கள், இன்னொருமுறை சவப்பெட்டியோடு. பார்த்தவர்களுக்கு முதல் முகத்தில் பசி தெரிந்தது, அடுத்ததில் துக்கம் தெரிந்தது. முகம் என்னவோ ஒன்றேதான். அந்தச் சோதனைப் படம் இன்று இல்லை; குலெஷோவின் மாணவரான இயக்குநர் புதோவ்கின் எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. நடிகன் முகத்தில் இல்லாத, கிண்ணத்திலும் இல்லாத ஒரு பசி இரண்டும் ஒட்டிய இடத்தில் பிறந்தது. அந்தப் பிறப்புக்குத்தான் ரஷ்யர்கள் மாண்டேஜ் என்று பெயர் வைத்தார்கள்.

ஒட்டிய இடத்தில் என்ன நடக்கிறது என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. புதோவ்கினுக்கு ஷாட்டுகள் செங்கற்கள், ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்ட வேண்டியவை. பொறியியல் படித்துவிட்டு நாடகத்துக்கும் சினிமாவுக்கும் வந்த ஐசன்ஸ்டைனுக்கு அது போதவில்லை. ஷாட்டும் ஷாட்டும் மோத வேண்டும் என்றார். ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ (1925) படத்தில் ஒடெசா நகரத்துப் படிக்கட்டில் ஜார் படை மக்களைச் சுட்டுக் கொன்ற பிறகு கப்பலின் பீரங்கி முழங்கும். உடனே மூன்று துண்டு ஷாட்டுகள்: தூங்கும் கல் சிங்கம், விழித்திருக்கும் கல் சிங்கம், எழுந்துநிற்கும் கல் சிங்கம். மூன்றும் வெவ்வேறு சிலைகள். ஒடெசாவில் கூட இல்லை, கிரிமியாவின் அலூப்கா அரண்மனைப் படிகளில் இருப்பவை. அடுத்தடுத்து வைத்ததும் ஒரே சிங்கம் துள்ளி எழுந்தது போலத் தெரிகிறது. கல்லே பொறுக்காமல் எழுந்துவிட்டது என்று சொல்ல ஒரு வசன அட்டையும் தேவைப்படவில்லை. நூறு வருடம் ஆகிவிட்டது. எனக்கு இன்றும் அந்த மூன்று ஷாட்டுகளில் உடம்பு சிலிர்க்கிறது.

ஹாலிவுட் இதே சொல்லை வாங்கி வேறு வேலைக்கு வைத்துக்கொண்டது. 1930களில் அங்கே காலம் ஓடுவதைக் காட்ட ஒரு வழி தேவைப்பட்டது. நாட்காட்டித் தாள் பறக்கும், ரயில் சக்கரம் உருளும், செய்தித்தாளின் தலைப்பு சுழன்று வந்து நிற்கும். இப்படிப்பட்ட துணுக்குத் தொடர்களைச் செய்து தரவே ஸ்டுடியோக்களில் தனி ஆட்கள் இருந்தார்கள். இன்றைய செர்பியாவில் பிறந்த ஸ்லாவ்கோ வோர்காபிச் அவர்களில் பேர்போனவர். ‘காசாபிளாங்கா’ (1942) தொடக்கத்தில் அகதிகள் உலக வரைபடத்தின் மேல் நகர்ந்து வரும் பகுதியைச் செய்தவர் டான் சீகல். பிற்பாடு இயக்குநராகப் பெயர் வாங்கியவர். ஆக ரஷ்யாவில் கருத்தை மோதவிட்ட சொல், அமெரிக்காவில் காலத்தைச் சுருக்கும் சொல் ஆகிவிட்டது.

சுருக்குவது சின்ன வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தின் காலைச் சாப்பாட்டு மேசையைப் பாருங்கள். பத்திரிகை முதலாளி கேனும் முதல் மனைவி எமிலியும் கல்யாணமான புதிதில் நெருங்கி உட்கார்ந்து கொஞ்சிப் பேசுகிறார்கள். கேமரா சரேலென்று திரும்புகிறது. அதே மேசை, வேறு உடை, வேறு வருடம். ராத்திரியெல்லாம் பத்திரிகை ஆபீசிலேயே கிடக்கிறீர்களே என்று அவள் குறைப்படுகிறாள். மறுபடி சரேல். அவளுடைய மாமாவான ஜனாதிபதியை அவன் பத்திரிகை தாக்குகிறது, பேச்சில் எரிச்சல். மறுபடி, மறுபடி. கடைசியில் பேச்சே இல்லை. அவன் தன் பத்திரிகையைப் படிக்கிறான். நிமிர்ந்து பார்த்தால் அவள் கையில் இருப்பது போட்டிப் பத்திரிகை. கேமரா பின்வாங்கும்போது நீண்ட மேசையின் இரண்டு முனைகளிலும் இருவர். பெர்னார்ட் ஹெர்மனின் இசையும் ஒரே மெட்டில் தொடங்கி ஒவ்வொரு துண்டுக்கும் நிறம் மாறிக் கசந்துபோகிறது. ஒரு கல்யாணம் செத்துப்போனதை இரண்டு நிமிடச் சொச்சத்தில் சொல்லிவிட்டார்கள். எந்தத் துண்டிலும் ‘நாம் பிரிகிறோம்’ என்ற பேச்சு இல்லை. பிரிவு முழுவதும் அந்தச் ‘சரேல்’களுக்கு உள்ளே இருக்கிறது.

தமிழ் சினிமா இந்த ஹாலிவுட் பொருளை எடுத்துப் பாட்டுக்குள் வைத்தது. நமக்குப் பாட்டு ஏற்கெனவே இருந்தது, காலத்தைச் சுருக்க அதைவிட நல்ல இடம் வேறு எது? ‘சூர்யவம்சம்’ (1997) படத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் சின்னராசு பஸ் முதலாளியும் நந்தினி கலெக்டரும் ஆனதை நாம் இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். சிரித்தாலும் அந்தப் பாட்டை மறக்கவில்லை. நாளடைவில் சொல்லின் பொருள் இன்னும் ஒருபடி நகர்ந்தது. நடிகர் வாயசைக்காமல், பின்னணியில் பாட்டு ஓட, காட்சிகள் மட்டும் நகர்ந்தால் அது மாண்டேஜ் பாட்டு. அதாவது காலம் சுருங்குகிறதா, கருத்து மோதுகிறதா என்பதெல்லாம் போய், லிப் இருக்கிறதா இல்லையா என்பதே அளவுகோல் ஆகிவிட்டது. ‘மாண்டேஜ் ஷாட்’ என்பதும் இப்படி வந்ததுதான். அந்தப் பாட்டுக்கு அல்லது இடைவெளிக்கு உதவும் என்று வசனம் இல்லாமல் எடுத்துவைக்கும் துணுக்கு அது.

இந்தப் பொருளில் நல்லது எது, ஒப்பேற்றுவது எது என்று பிரிக்க எனக்கு ஒரு சோதனை உண்டு. துண்டுகளின் வரிசையைக் கலைத்துப் பாருங்கள். காதலர்கள் கடற்கரையில் ஓடுகிறார்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள், பைக்கில் போகிறார்கள், கோவில் தூணுக்குப் பின்னால் ஒளிகிறார்கள் – எதை முன்னால் வைத்தாலும் ஒன்றும் மாறாது என்றால் அங்கே ஷாட் இருக்கிறது, மாண்டேஜ் இல்லை. கேன் வீட்டு மேசையில் ஒரு துண்டை இடம் மாற்ற முடியாது. வரிசைக்குக் கட்டுப்படாத நல்ல விதிவிலக்கும் உண்டு. ‘96’ (2018) தொடக்கத்தில் ராம் கேமராவோடு ஊர் ஊராகத் தனியே அலையும் பாட்டில் காலம் அடுக்கடுக்காக நகரவில்லை. ஆனாலும் ஒவ்வோர் ஊரும் அவரது தனிமையை இன்னும் கொஞ்சம் அகலமாக்குகிறது. அந்தப் பாட்டு முடியும்போது அவர் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, வசனத்தில் யாரும் சொல்லாமலேயே.

சரி, தமிழில் என்ன சொல்வது? எடிட்டிங்குக்குப் ‘படத்தொகுப்பு’ என்பது டைட்டிலிலும் விருதுப் பட்டியலிலும் நிலைத்துவிட்டது. பிரெஞ்சுப் பொருளுக்கு அதுவே போதும், அதைத் தொட வேண்டாம். மற்ற பொருள்களுக்குக் ‘காட்சித் தொகுப்பு’ என்று எழுதலாம்தான். ஆனால் ‘செய்தித் தொகுப்பு’, ‘கட்டுரைத் தொகுப்பு’ என்று பழகிய காதுக்கு அது பொறுக்கிச் சேர்த்த குவியலாகவே கேட்கிறது. ‘தொகுப்பு’ சேர்ப்பதை மட்டும் சொல்கிறது, சேர்ந்த இடத்தில் ஒளிந்திருப்பதைச் சொல்லவில்லை.

அதற்கு நம் இலக்கணத்தில் பழைய சொல் இருக்கிறது: தொகை. பள்ளியில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘பால்குடம்’ என்றால் பாலைக் கொண்ட குடம். ‘ஐ’ உருபும் ‘கொண்ட’ என்ற சொல்லும் இடையில் தொக்கி நிற்கின்றன என்று தமிழாசிரியர் சொல்லித் தந்திருப்பார். தொகுதல் என்றால் சேர்வது. தொக்கி நிற்பது என்றால் மறைந்து நிற்பது. சேர்வதும் மறைவதும் ஒரே வேருக்குள் இருக்கின்றன. இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே நடப்பதும் இதேதான்.

இன்னும் கிட்டப் போனால் ஆச்சரியம் கூடுகிறது. ‘காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்கிறது நன்னூல். கரந்த என்றால் மறைத்த. ஊறுகாய் என்ற சொல்லில் நேற்று ஊறியதும் இன்று ஊறுவதும் நாளை ஊறப்போவதும் அடக்கம், காலம் காட்டும் உறுப்பு மட்டும் ஒளிந்திருக்கிறது. ஹாலிவுட்டார் துணுக்குகளால் காலத்தைக் கரந்ததற்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்குமா? அடுத்தது அன்மொழித்தொகை. ‘பொற்றொடி வந்தாள்’ என்கிறோம். பொன் இருக்கிறது, தொடி (வளையல்) இருக்கிறது. வந்தது பொன்னும் இல்லை, தொடியும் இல்லை, அதை அணிந்த பெண். இரண்டு சொல்லிலும் இல்லாத மூன்றாவது ஒன்று பொருளாகிறது. ஐசன்ஸ்டைன் 1929இல் தன் கொள்கையை விளக்க ஜப்பானிய எழுத்துகளைத் தேடிப் போனார்: கண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் அழுகை, வாயும் நாயும் சேர்ந்தால் குரைத்தல் என்று. அன்மொழித்தொகை அவருக்குத் தெரிந்திருந்தால் நிச்சயம் ஒரு பத்தி எழுதியிருப்பார்.

அதனால் மாண்டேஜுக்கு ‘காட்சித்தொகை’ என்பதே என் தேர்வு. இன்றைய பேச்சில் தொகை என்றதும் பணம் நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். எட்டுத்தொகையையும் மக்கள்தொகையையும் யாரும் பணம் என்று படிப்பதில்லை. முன்னொட்டுச் சொல் பொருளைப் பிடித்து நிறுத்திவிடும். ரஷ்யப் பொருளைத் தனியே சுட்ட வேண்டிய கட்டுரைகளில் ‘மோதல் தொகை’ எனலாம். லிப் இல்லாத பாட்டுக்குப் ‘பின்னணிப் பாட்டு’ என்று சொல்லப் போனால் பின்னணிப் பாடகரோடு குழம்பும். அதைத் ‘தொகைப் பாட்டு’ என்று சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒரு காட்சியையும் இன்னொன்றையும் மாற்றி மாற்றிக் காட்டுவது இந்தக் கணக்கில் சேராது, அதற்கு ‘இணைவெட்டு’ போதும்.

படப்பிடிப்புத் தளத்தில் வெளிச்சம் போகிற அவசரத்தில் மாண்டேஜ் என்றே சொல்லிக்கொள்ளட்டும், அது வேலைச் சொல். எழுத்தில் மாற்ற முடிகிற இடம் திரைக்கதைத் தாள். கேன் வீட்டு மேசையைத் தமிழில் எழுதுவதானால் தலைப்பில் ‘காட்சித்தொகை – காலை – கேன் வீட்டுச் சாப்பாட்டு அறை – பல வருடங்கள்’ என்று போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி எழுதி, கடைசியில் ‘காட்சித்தொகை முற்றும்’ என்று முடித்தால் கேமராமேனுக்கும் எடிட்டருக்கும் எந்தக் குழப்பமும் வராது.